வயலின் யார் பிள்ளைக்கு?

தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் உள்ள நாடு வெனிசுலா. மண்ணுக்கு அடியில் எண்ணெய். தலைநகரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் நெருக்கியடித்து நிற்கும் ஏழைகளின் வீடுகள். அந்த நாட்டில் 1975ம் ஆண்டில் ஒரு காரியம் தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓர் இடத்தில் கூடுகிறார்கள். அவர்கள் கையில் வயலினும் குழலும் எக்காளமும் தரப்படுகின்றன. சம்பளம் கேட்பதில்லை. மாலை முழுவதும் சேர்ந்து வாசிக்கிறார்கள். இப்படி ஊர் ஊராக ஏற்பட்ட இளைஞர் வாத்தியக் குழுக்களில் இதுவரை லட்சக்கணக்கான பிள்ளைகள் பயின்றிருக்கிறார்கள்.

இதைப் பற்றி எழுத நமக்கு என்ன அவசியம் என்று தோழர்கள் கேட்கக்கூடும். "கூலி உயர்வுக்குப் போராடுகிறோம், போனஸ் பாக்கி நிற்கிறது, வேலை நாளுக்கே உத்தரவாதம் இல்லை. இந்த நேரத்தில் வயலினா?" என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் திருப்பி ஒன்று கேட்கிறோம். உழைப்பவன் பிள்ளைக்குச் சோறு, துணி, நாலெழுத்து என்பதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று தீர்மானித்தது யார்? அந்தக் கணக்கை எழுதியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அப்படி எழுதிக்கொள்ளவில்லையே! அவர்கள் வீட்டில் பாட்டு வாத்தியாரும் உண்டு, பியானோவும் உண்டு.

வெனிசுலாவின் அனுபவம் நமக்கு நம்பிக்கை தருகிறது, எச்சரிக்கையும் தருகிறது. இரண்டையும் மறைக்காமல் பார்ப்போம்.

ஆர்க்கெஸ்ட்ரா என்பது என்ன?

நம் ஊர்த் திருவிழாவில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றால் சினிமாப் பாட்டுக் கச்சேரி. இங்கே நாம் சொல்வது வேறு. எழுபது எண்பது பேர், சில சமயம் நூறு பேருக்கு மேல், வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசிக்கும் குழு. வயலின்காரர்களே இருபது முப்பது பேர் இருப்பார்கள். அடுத்து வியோலா, செல்லோ, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபிள் பாஸ். நடுவில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட். அப்புறம் டிரம்பெட், டிரம்போன். கடைசியில் பெரிய முரசுகள். எதிரே ஒருவர் சிறு கோல் பிடித்துத் தாளம் காட்டி நடத்துவார். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பங்கு எழுதிய தாள் இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பங்கு உண்டு. எல்லாம் சேர்ந்தால்தான் பாட்டு உருவாகும்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கார்டிங்கில் வந்த கோளாறு ஸ்பின்னிங்கில் நூல் அறுந்து காட்டிக்கொடுக்கும். நடவு வயலில் வரிசை பிடித்து நிற்கும் பெண்களுக்கும் இது தெரியும். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் இரண்டு குத்து சேர்த்து நட்டு அவளை வரிசைக்குக் கொண்டுவருவாள். ஆர்க்கெஸ்ட்ராவில் பிள்ளைகள் முதலில் படிக்கும் பாடமும் இதுதான்: தன் கை வாசிக்க வேண்டும், தன் காது பக்கத்தில் இருப்பவனைக் கேட்க வேண்டும்.

பதினொரு பேரில் தொடங்கியது

இதைத் தொடங்கியவர் ஹோசே அந்தோனியோ அப்ரேயு. பொருளாதாரம் படித்தவர், சங்கீதமும் முறையாகக் கற்றவர். அந்தக் காலத்தில் வெனிசுலாவின் ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்திருந்தவர்களில் மேல்நாட்டவர்களே அதிகம். சொந்த நாட்டு இளைஞர்கள் வாசிக்கக் கற்றாலும் உட்கார இடம் இல்லை. 1975ல் தலைநகர் கராகஸில், கார் நிறுத்தும் இடம் ஒன்றில், அவர் முதல் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். நூறு பேர் வருவார்கள் என்று தாள் வைக்கும் ஸ்டாண்டு ஐம்பது தயாராக வைத்திருந்தார். வந்தவர்கள் 11 பேர். கலைந்து போகவில்லை, இருப்பதை வைத்துத் தொடங்கினார். நாளுக்கு நாள் ஆள் கூடியது. அதே ஆண்டு ஏப்ரல் 30ந் தேதி, மே தினத்துக்கு முதல் நாள், முதல் கச்சேரி நடந்தது. அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் நடந்த சர்வதேச இளைஞர் வாத்திய விழாவில் இந்தப் பிள்ளைகள் வாசித்தார்கள்.

இயக்கத்தின் முழக்கம் ஸ்பானிஷ் மொழியில் இரண்டே வினைச்சொல் கொண்டது. தமிழில் சொன்னால்: "வாசிப்பது, போராடுவது." உழைக்கும் மக்களுக்கு அந்நியமான முழக்கம் அல்ல.

ஒரு மாலைப் பொழுது

இந்தக் குழுக்கள் நடக்கும் இடத்தை அங்கே 'நூக்ளியோ' என்கிறார்கள். மையம் என்று வைத்துக்கொள்வோம். சில மையங்களுக்குப் பெரிய கட்டடம் உண்டு. சில, பள்ளிக்கூட அறையிலும் பழைய வீட்டிலும் நடக்கின்றன. பள்ளி முடிந்த பிள்ளைகள் பிற்பகலில் வந்துவிடுவார்கள். தினம் மூன்று நான்கு மணி நேரம், வாரத்தில் ஐந்து ஆறு நாள் பயிற்சி. முதலில் தனித்தனியே கொஞ்சம். பிறகு வயலின்காரர்கள் ஓர் அறை, குழல்காரர்கள் ஓர் அறை என்று பிரிவு பிரிவாக. கடைசியில் எல்லோரும் ஒன்றாக. மரத்தடியில் ஒரு டிரம்பெட், மாடிப்படியில் இரண்டு கிளாரினெட் என்று இடம் கிடைத்த மூலையெல்லாம் சத்தம்.

பல வருஷம் தனியே சாதகம் செய்து தேறிய பிறகே மேடை என்ற வழக்கம் அங்கே இல்லை. நாலு ஸ்வரம் வந்துவிட்டால் அந்த நாலு ஸ்வரத்துக்கு ஏற்ற பங்கை எழுதிக் கொடுத்துக் குழுவில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பத்து வயதுப் பெண்ணின் பக்கத்தில் பதினான்கு வயதுப் பையன். அவள் விரல் தப்பான இடத்தில் விழுந்தால் அவன் திருத்துவான். ஒரு பாட்டை முன்னதாகக் கற்ற பிள்ளை அடுத்த பிள்ளைக்கு வாத்தியார். இந்த முறையில் ஆசிரியர்கள் போதாத ஊரிலும் கல்வி நிற்காமல் நடந்தது.

வயலின் பிடிக்கும் வயது வராத சின்னஞ் சிறுசுகளுக்குக் 'காகித ஆர்க்கெஸ்ட்ரா' உண்டு. அட்டையும் காகிதக் கூழும் கொண்டு பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து வயலின் செய்து கொடுக்கிறார்கள். அதில் சத்தம் வராது. எப்படிப் பிடிப்பது, எப்படி உட்காருவது, எப்படிப் பத்திரமாக வைப்பது என்று குழந்தை அதில் பழகுகிறது. வாயால் பாட்டையும் பாடுகிறது. தச்சன் மகன் மரக்கட்டையில் உளி பிடிக்கப் பழகுவதைப் போன்ற வேலைதான்.

பார்கிசிமேத்தோ என்ற நகரில் தொடங்கிய இன்னொரு ஏற்பாடு மனதைத் தொடுவது. அதன் பெயர் 'வெள்ளைக் கைகள் பாடகர் குழு'. காது கேளாத பிள்ளைகள் வெள்ளைக் கையுறை அணிந்து, பாட்டின் போக்கைக் கைகளால் காட்டுகிறார்கள். பக்கத்தில் கண் தெரியாதவர்கள் உள்பட மற்றப் பிள்ளைகள் குரலால் பாடுகிறார்கள். ஊமை, செவிடு என்று ஒதுக்கி மூலையில் உட்கார வைக்கும் ஊர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இந்த மையங்களில் இருந்து பெரிய கலைஞர்கள் வந்தார்கள். எடிக்சன் ரூயிஸ் என்ற சிறுவன் கராகஸில் குடும்பத்துக்கு உதவியாகக் கடையில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவன். வீட்டுக்கு அருகில் இருந்த மையத்தில் டபிள் பாஸ் கற்றான். பதினேழாவது வயதில் ஜெர்மனியின் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவுக்குத் தேர்வு பெற்றான். உலகத்தில் அதைவிடப் புகழ்பெற்ற ஆர்க்கெஸ்ட்ராவைச் சொல்வது கடினம். பார்கிசிமேத்தோவில் வளர்ந்த குஸ்தாவோ துதாமேல் 2009ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார். ஆனால் அப்படிப் பெயர் பெற்றவர்கள் கைவிரலில் எண்ணக் கூடியவர்கள். மற்ற லட்சம் பேரும் தையல்காரராக, நர்ஸாக, வாத்தியாராக வாழ்கிறவர்கள். அவர்களுக்கும் அந்த மாலைகள் சொந்தம். எத்தனை மேதைகளைத் தந்தது என்று மட்டும் கேட்டு ஒரு பள்ளிக்கூடத்தை அளப்பது முதலாளியின் அளவுகோல்.

யார் பணம்?

இது வானத்தில் இருந்து விழுந்த அற்புதம் அல்ல. 1973-74ல் எண்ணெய் விலை ஏறியது. 1976 ஜனவரி முதல் நாள் எண்ணெய்த் தொழில் தேசவுடைமை ஆயிற்று. கஜானாவில் பணம் இருந்தது. 1979ல் சர்க்கார் ஆதரவில் இதற்கென ஒரு நிறுவனம் அமைந்தது. அன்று முதல் எத்தனையோ ஆட்சிகள் மாறின, வலதும் வந்தது, இடதும் வந்தது, மானியம் நிற்கவில்லை. அதிலும் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தப் பணம் பெரும்பாலும் சமூக நல இலாகாக்கள் வழியாக வந்தது. ஏழைப் பிள்ளையின் மாலை நேரம் நாட்டின் பொறுப்பு என்ற அடிப்படையில்தான் அது ஒதுக்கப்பட்டது. வாத்தியம் இரவல், கற்பிப்பவருக்குச் சம்பளம், இளைஞர் குழுவில் முன்னேறியவர்களுக்கு உதவித்தொகை. தனவந்தரின் தர்மத்தை நம்பி இருந்திருந்தால் இது ஐந்து வருஷம்கூட நீடித்திருக்காது.

ஆலைத் தொழிலாளிக்கு இந்த வாத்தியங்கள் ஒட்டாது என்று சொல்லுகிறவர்களுக்கு இங்கிலாந்தைக் காட்டுவோம். யார்க்ஷயரில் கம்பளி நூற்கும் பிளாக் டைக் ஆலையின் தொழிலாளர்கள் 1855 முதல் பித்தளை வாத்தியக் குழு நடத்தினார்கள். ஆலையில் வேலை முடித்த கைகள் மாலையில் கார்னெட் பிடித்தன. நிலக்கரிச் சுரங்க ஊர்களிலும் அப்படியே. கிரைம்தார்ப் சுரங்கம் 1993ல் மூடப்பட்டது. அதன் தொழிலாளர் வாத்தியக் குழு மூடப்படவில்லை. உழைத்த கை வாசிக்கவும் வல்லது என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமா?

வாசலுக்கு வராத பிள்ளை

இனி எச்சரிக்கைக்கு வருவோம். 2021 நவம்பர் 13ந் தேதி கராகஸில் ராணுவக் கல்லூரி மைதானத்தில் 8,573 பேர் ஒன்றாக அமர்ந்து ரஷ்ய இசைமேதை சைகோவ்ஸ்கியின் உருப்படி ஒன்றை வாசித்தார்கள். உலகத்தின் மிகப்பெரிய ஆர்க்கெஸ்ட்ரா என்று கின்னஸ் பதிவில் ஏறியது. பெருமையான காட்சிதான். ஆனால் அங்கே உட்கார்ந்தவர்களை எண்ணினால் போதாது. உட்கார முடியாமல் போனவர்களையும் எண்ண வேண்டும்.

அந்தக் கணக்கு நம்மிடம் உண்டு. இந்த இயக்கத்துக்குக் கடன் கொடுத்த, அமெரிக்கக் கண்ட நாடுகளின் வளர்ச்சி வங்கியின் ஆராய்ச்சியாளர்கள் 2012-13ல் 16 மையங்களில், 6 முதல் 14 வயது வரையுள்ள 2,914 பிள்ளைகளை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். 2017ல் அதன் முடிவு அச்சாயிற்று. ஒரு வருஷப் பயிற்சியில் பிள்ளைகளின் தன்னடக்கம் வளர்ந்தது. முரட்டுத்தனம் போன்ற நடத்தைக் கோளாறுகள் குறைந்தன. அதிகம் படிக்காத தாய்மாரின் பிள்ளைகளிடம் நல்ல பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லிற்று. அந்த மாநிலங்களில் 100 பிள்ளைகளுக்கு 46.5 பேர் வறுமையில் இருந்தார்கள். மையத்தில் சேர்ந்தவர்களிலோ 100க்கு 16.7 பேர்தான் ஏழைகள்!

தோழர்களே, இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். யாருக்கு அதிகம் பயன் தருமோ அவர்களே குறைவாக வந்தார்கள். சம்பளம் இல்லை, வாத்தியம் இலவசம், வாசல் திறந்தே இருக்கிறது. ஆனாலும் ஏழைப் பிள்ளை உள்ளே இல்லை. ஏன்? காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். நம் வீடுகளைப் பார்த்தாலே தெரியும். தாய் களையெடுக்கப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்வது யார்? மையம் நாலு மைல் என்றால் பஸ் காசு யார் கொடுப்பது? பெயர் பதிவு செய்யும் நாள் எது என்று இரவு ஷிப்டு முடிந்து தூங்கும் தகப்பனுக்கு யார் சொல்வது? பதின்மூன்று வயதில் பிள்ளை சம்பாதிக்கும் கூலி வீட்டுக்குத் தேவைப்படும்போது தினம் நான்கு மணி நேரத்தை எங்கே இருந்து எடுப்பது?

இலவசம் என்று பலகை எழுதித் தொங்கவிட்டால் கடமை முடிந்தது என்பது சர்க்கார்களின் பழைய பழக்கம். வாசல் வரையிலான வழியும் இலவசமாக வேண்டும்.

ஸ்காட்லாந்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. ஸ்டர்லிங் நகரில் ராப்ளாக் என்ற குடியிருப்பு, வேலையின்மைக்கும் வறுமைக்கும் பெயர் போனது. வெனிசுலாவைப் பார்த்து 2008ல் அங்கே ஒரு பிள்ளைகள் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கினார்கள். அவர்கள் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கவில்லை. அந்தக் குடியிருப்பின் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று வைத்து, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போய்ப் பாடம் தொடங்கி, பள்ளி விட்டதும் அதே இடத்தில் தொடர்ந்தார்கள். 2012 ஜூனில் துதாமேலும் வெனிசுலாக் குழுவும் அங்கே வந்து, கொட்டும் மழையில் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார்கள். பிள்ளை வராவிட்டால் மையம் பிள்ளையிடம் போக வேண்டும் என்பதே ராப்ளாக் சொல்வது.

கோலுக்குப் பணிதல்

இரண்டாவது எச்சரிக்கை குழுவின் உள்ளே இருக்கிறது. ஜெஃப்ரி பேக்கர் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் வெனிசுலாவில் தங்கி விசாரித்து 2014ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஓய்வில்லாத நீண்ட ஒத்திகை, மேலே இருப்பவர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லாமை, பிள்ளைகள் தாமாக ஒரு மெட்டு அமைக்க இடம் இல்லாமை என்று பல குறைகளை அவர் அடுக்கினார். அவர் சொல்லும் எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுப்பும் கேள்வியை உழைக்கும் மக்கள் தள்ளிவிட முடியாது. சேர்ந்து வாசிக்க ஒழுங்கு வேண்டும். கோல் அசைந்ததும் நூறு வில்லும் ஒரே பக்கம் போக வேண்டும். அந்த ஒழுங்கு வாசிப்போடு நிற்க வேண்டும். எந்தப் பாட்டை வாசிப்பது, யாருக்காக வாசிப்பது என்ற விஷயத்தில் பிள்ளைகளுக்கும் குரல் வேண்டும். இல்லாவிட்டால் நாளைய ஆலைக்குப் பணிவான கைகளைத் தயாரிக்கும் இடமாகவே அது முடியும்.

எந்த ஆட்சி பணம் கொடுக்கிறதோ அந்த ஆட்சியின் விழா மேடையில் பிள்ளைகளை நிறுத்துவது வெனிசுலாவில் பல காலம் நடந்தது. 2014க்குப் பிறகு எண்ணெய் விலை வீழ்ந்தது. ஆட்சியின் சொந்தத் தவறுகளும், 2017 முதல் அமெரிக்கா இறுக்கிய பொருளாதாரத் தடைகளும் சேர்ந்து மக்களை வாட்டின. 70 லட்சம் பேருக்கு மேல் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் வயலின் பெட்டியைச் சுமந்து சென்ற இளைஞர்களும் உண்டு. 2017 மே 3ந் தேதி கராகஸில் அரசை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில், இந்த இயக்கத்தில் பயின்ற வியோலா வாசிக்கும் இளைஞன் ஒருவன் கொல்லப்பட்டான். இருபது வயதுகூட ஆகாத பிள்ளை. துதாமேல் வாய் திறந்தார். அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். அந்த ஆண்டு அவர் தலைமையில் தேசிய இளைஞர் குழு அமெரிக்காவில் நடத்த இருந்த சுற்றுப்பயணம் ரத்து செய்யப்பட்டது.

இதில் நம் கருத்தை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறோம். எந்த நிறக் கொடி பறந்தாலும், தெருவில் நிற்கும் பிள்ளையின் உயிரைப் பறிப்பதை நியாயப்படுத்த முடியாது. கற்பித்த கடனுக்கு ஈடாக மௌனத்தைக் கேட்கவும் எந்தச் சர்க்காருக்கும் உரிமை இல்லை. வாத்தியம் வாங்கிய பணம் மக்களின் வரி. ஆளுகிறவர்களின் பாட்டன் சொத்து அல்ல.

குப்பையும் கைதட்டலும்

இன்னொரு நாட்டின் கதையையும் சொல்ல வேண்டும். பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனுக்கு அருகில் கத்தேரா என்ற குப்பை மேடு. அதில் பொறுக்கி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஃபாவியோ சாவேஸ் என்பவர் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். நல்ல வயலின் வாங்கப் பணம் இல்லை. கொடுத்தாலும் அந்தப் பேட்டையில் திருட்டுப் பயம். அங்கேயே பொறுக்கி வாழ்ந்த கைத்தொழிலாளி ஒருவர் எண்ணெய் டப்பாவில் வயலினும் செல்லோவும் செய்தார். தண்ணீர்க் குழாயில் சாக்ஸபோன் பிறந்தது. அந்தக் குழு உலகமெல்லாம் போய் வாசித்தது. ஊர் ஊராகக் கைதட்டினார்கள்.

அந்தக் கைத்தொழிலாளியின் திறமைக்கும் பிள்ளைகளின் உழைப்புக்கும் நாமும் தலை வணங்குகிறோம். ஆனால் "குப்பையிலும் இசை பிறக்கும்" என்று கண் கலங்கிக் கைதட்டிய கனவான்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைகள் குப்பையில் ஏன் இருந்தார்கள்? டப்பா வயலினே அவர்களுக்குப் போதும் என்றால், உங்கள் பிள்ளைக்கு ஏன் மர வயலின்?

செய்ய வேண்டியது

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்காக 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா'வை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் கற்பிக்கின்றன. இவை நல்ல காரியங்கள். ஆனால் ஒரு நகரத்தில் ஒரு குழு, சில மாவட்டங்களில் மட்டும் ஒரு பள்ளி என்றால், வயல்காட்டுக் குடியிருப்பின் பிள்ளைக்கு அது வெகு தூரம்.

வெனிசுலா, ராப்ளாக், கத்தேரா மூன்றும் சேர்ந்து நமக்குச் சொல்லும் கோரிக்கைகள் தெளிவானவை. மாலை நேரச் சங்கீதம் பள்ளிக்கூடத்திலேயே நடக்க வேண்டும். வாத்தியத்தைப் பொதுப் பணத்தில் வாங்கி இரவல் தர வேண்டும். கற்பிப்பவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். பசியோடு யாரும் குழல் ஊத முடியாது. ஆகவே சிற்றுண்டி வேண்டும். வீடு திரும்பப் பஸ் வேண்டும். தம்பி தங்கையைக் கூடவே அழைத்து வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது. பறையும் தவிலும் வயலினும் ஒரே கூடத்தில் ஒரே மரியாதையோடு இருக்க வேண்டும். பெற்றோர்களும் பிள்ளைகளும் நிர்வாகத்தில் அமர வேண்டும்.

இவையெல்லாம் கூலிப் போராட்டத்துக்குப் புறம்பானவை என்று எண்ண வேண்டாம். பிள்ளைக்கு மாலை நேரம் மிஞ்ச வேண்டுமானால் அவன் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அவன் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் தகப்பன் தாயின் கூலி குடும்பத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் ஓய்வு நேரத்தையும் சேர்த்தே கேட்டார்கள். அந்த நேரத்தில் தங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதையும் தொழிலாளர்களே தீர்மானிக்க வேண்டும்.

சங்கக் கூட்டங்களில், கிராம சபைகளில், பள்ளிப் பெற்றோர் கூட்டங்களில் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளை வைக்க வேண்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கூலிக்காரன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று ஒரு காலத்தில் சிரித்தவர்களும் இவர்களே.